இரு முனையிலும் ஒன்றரை மில்லி

பட்டறையின் மாடிப் படிக்கட்டை வெல்டு அடித்தவனே அவன்தான். அதில் ஏறிப் போய் மேலே உட்காரும் நாள் வரும் என்று அப்போது கனவிலும் நினைக்கவில்லை. படிகள் கொஞ்சம் செங்குத்து. பென்சில் கொடுத்த அளவு அப்படி. பென்சில் என்பது மாடியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவருக்குக் கீழே இருந்தவர்கள் வைத்த பெயர். முழு வேலையும் கம்ப்யூட்டரில்தான் என்றாலும் காதில் ஒரு பென்சில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போன பிறகு ஜன்னலோர நாற்காலி காலியாகக் கிடந்தது. முதலாளி அவனைக் கூப்பிட்டு அதில் உட்காரச் சொன்னார். நிரந்தரமாக அல்ல.

“இந்த ஒரு வேலையை முடி. போய் ஒழுங்கா மாட்டிட்டா நாற்காலி உனக்கு. இல்லேன்னா பழையபடி டேபிளுக்கு இறங்கிடு.”

டேபிள் என்றால் வெல்டிங் டேபிள். அங்கே இனி இறங்க முடியாது என்பதுதான் அவனுடைய சிக்கல். கண் டாக்டர் விழிக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் வட்டம் வரைந்து, அதன் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார். “இந்த இடம் வெந்திருக்கு. வெந்தது வெந்ததுதான். இன்னும் பரவாம இருக்கணும்னா வெல்டிங் வெளிச்சம், அந்த ஆர்க் இருக்கற பக்கமே போகக் கூடாது.” எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் நிறத் துளி உட்கார்ந்துகொண்டது. ஒரு எண்ணைப் படிக்க வேண்டுமென்றால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். கோழி தானியத்தைப் பார்ப்பது போலக் கழுத்தைச் சாய்த்து அவன் படிப்பதைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் மச்சான்தான்.

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். பட்டறையில் வாள் மெஷின் அவர் கையில். எந்தப் பைப்பும் அவர் வெட்டாமல் டேபிளுக்கு வராது. அவனைக் கைபிடித்துப் பட்டறைக்குள் கூட்டிவந்தவர் அவர். இரண்டு வருஷம் கழித்துத் தங்கையையும் கொடுத்தார். “வேலையும் கொடுத்தேன், பொண்ணும் கொடுத்தேன். ரெண்டுல எதை நீ உருப்படியா வெச்சிருக்கேன்னு இன்னும் தெரியல மாப்ளே” என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. அவன் மாடி ஏறிய முதல் நாள் படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“மேல ஏறிட்டா கீழ இருக்கறவங்க எறும்பா தெரிவாங்களாமே?”

“எனக்கு எல்லாமே நடுவுல ஓட்டையாத்தான் தெரியுது மச்சான்.”

“அப்ப என் மூஞ்சி தெரியாது. கொடுத்து வெச்சவன்.”

கம்ப்யூட்டரில் டிராயிங் போடச் சொல்லித்தரும் மாலை வகுப்புக்கு அவன் அரை வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த அறை. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், பாதிக்கு மேல் சின்ன வயசுப் பிள்ளைகள். சொல்லித் தருகிறவரே அவனைவிட இளையவர். அவருடைய விரல்கள் போகிற வேகத்துக்கு அவனுடைய கண் போகாது. அவர் மூன்றாவது கட்டளையில் இருக்கும்போது இவன் முதல் கட்டளைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பான். பல நாள், எழுந்து போய்விட்டால் என்ன என்று தோன்றும். போனால் டேபிள். அதனால் உட்கார்ந்திருப்பான்.

ஆனாலும் அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது என்பதை அவன் மறைக்கவில்லை. முதலில் வெறும் கோடுகளால் ஒரு கூடு வரைய வேண்டும். பிறகு ஐம்பதுக்கு ஐம்பது சதுரப் பைப் என்று சொல்லி ஒரு கோட்டைத் தொட்டால், கோட்டின் மேல் பைப் சட்டை மாட்டிக்கொண்டது போல வந்து நிற்கும். பைப்பும் பைப்பும் முட்டும் இடத்தில் எது எதை வெட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் புகையில்லாமல், பொறியில்லாமல் வெட்டுப்படும். கடைசியில் எல்லாத் துண்டுகளையும் கம்ப்யூட்டரே எண்ணி, ஒரே நீளமுள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து, இத்தனை நீளத்தில் இத்தனை துண்டு என்று கட் லிஸ்ட் எடுத்துக் கொடுக்கும்.

ஒருநாள் வகுப்பில் அந்தச் சின்ன வாத்தியார் திரும்பி நின்று கேட்டார். “இங்க நிஜமாவே பட்டறையில வேலை பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? ரெண்டு பைப்பை ஒட்ட வெச்சு அடிப்பீங்களா, இடம் விட்டு அடிப்பீங்களா?”

அவன் கையைத் தூக்கினான். “எங்க பட்டறையில இடம் விடுவோம் சார். அப்பதான் வெல்டு உள்ள இறங்கும்.”

“எவ்வளவு விடுவீங்க?”

“ஒன்றரை மில்லி. அதே தடிமன்ல ஒரு கம்பியை நடுவுல வெச்சு, சின்னதா ஒரு வெல்டு பொட்டு வெச்சுட்டுக் கம்பியை உருவிடுவோம்.”

“கேட்டுக்கோங்க” என்றார் வாத்தியார் பிள்ளைகளிடம், திரையைக் காட்டி. “இதுக்கு இங்க ஒரு பெட்டி இருக்கு. பாதிப் பேர் இதைக் காலியா விட்டுடுவாங்க. அதுல ஒன்றரைன்னு போட்டா ரெண்டு முனையிலயும் கழிச்சுத்தான் லிஸ்ட்ல நீளம் வரும்.”

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் அவனுக்குத் தெரிந்த ஒன்று மற்றவர்களுக்குத் தெரியாமலிருந்தது அன்று ஒருநாள்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னான். “அதான் சொல்லிட்டீங்களே” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

முதலாளி கொடுத்த வேலை, நகரத்துக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் இடத்தில் ஒரு பெரிய தொட்டியை ஒட்டிய நடைபாதைக்குக் கைப்பிடி வேலி. நிறுத்துக் கால்கள், காலுக்கும் காலுக்கும் நடுவில் குறுக்குப் பைப்புகள். ஒரு பேனலில் எட்டுக் கட்டம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தகடு. தகட்டின் துளைகள் அங்கே காங்கிரீட்டில் ஏற்கெனவே புதைத்து நிறுத்திய போல்ட்டுகளில் போய் உட்கார வேண்டும். இரு கால்களுக்கு நடுவே ஆயிரத்து இருநூறு மில்லி.

அவன் தன்னை நம்புகிற ஆள் இல்லை. கூட்டை வரைந்தான், அழித்தான், திரும்ப வரைந்தான். போல்ட்டுகளின் அளவுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்து, கழுத்தைச் சாய்த்து ஒப்பிட்டான். கணக்குப் பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டு, “கொஞ்சம் வாய்விட்டுப் படிங்கக்கா” என்று கேட்டான். அவர் படிக்க, இவன் திரையில் பார்த்தான். இடைவெளிப் பெட்டியில் ஒன்றரை என்று போட்டான். குறுக்குப் பைப்பின் நீளம் ஆயிரத்து இருநூறிலிருந்து மூன்று குறைந்து ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றேழு என்று லிஸ்ட்டில் மாறியது. அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பென்சில் இதைச் செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றுதான் எண்ணினான். இத்தனை வருஷமாக டேபிளில் அவன் கைக்கு வந்த ஒவ்வொரு துண்டும் கம்பிக்கு இடம் விட்டுச் சிக்கென்று உட்கார்ந்திருக்கிறதே.

கட் லிஸ்ட் எந்தக் காலத்திலும் டேபிளுக்கு வந்ததில்லை. அது மாடியிலிருந்து நேரே மச்சானின் சட்டைப் பைக்குப் போகும். அங்கே மடிந்து, வேர்வையில் ஊறி, வேலை முடிந்ததும் இரும்புத்தூளோடு குப்பைக்குப் போகும். டேபிளில் இருப்பவன் பார்ப்பதெல்லாம் துண்டுகளை மட்டும்தான்.

லிஸ்ட்டை அவனே இறங்கிப் போய்க் கொடுத்தான். வெல்டிங் பக்கம் திரை போட்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டியபடி நின்றான்.

“எத்தனை வகை?” என்றார் மச்சான், தாளை வாங்கி உதறி.

“மூணுதான் மச்சான். கால், குறுக்கு, தகடு.”

“பென்சில் போட்டா முப்பது வகை இருக்கும். பரவால்ல, என் தங்கச்சி புருஷன் சிக்கனக்காரன். சரி பார்த்தியா?”

“மூணு தடவை பார்த்துட்டேன்.”

“நாலாவது தடவை நான் பார்த்துக்கறேன். மேல இருந்து வர்ற லிஸ்ட்டை அப்படியே வெட்டின நாள் என் சர்வீஸ்லயே கிடையாது.”

இதை அவன் நூறு தடவை கேட்டிருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில், கல்யாண வீடுகளில், பேருந்துக்குக் காத்திருக்கும்போது. இது அவருடைய பெருமைப் பேச்சு என்று எண்ணியிருந்தான். வேலை செய்யும் முறையையே சொல்கிறார் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

“நீ தைரியமா மேல போ” என்று முதுகில் தட்டினார் மச்சான். “உன் முதல் வேலை. ஒரு குறையும் வராம நான் பார்த்துக்கறேன்.”

துண்டுகள் வெட்டுப்பட்டு டேபிளுக்குப் போயின. அவனுடைய இடத்தில் இப்போது வேறொரு வெல்டர் நின்றான். கம்பியை வைத்து, பொட்டு வைத்து, கம்பியை உருவி அடுத்த கட்டத்துக்குப் போகிற வேகம் அந்தப் புதியவனிடம் இருந்தது. ஆனால் ஒரு பேனல் முழுதாகப் பொட்டு வைத்து முடிந்ததும், அடிக்கத் தொடங்கும் முன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டேப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் இல்லை. அது யாரும் சொல்லித் தந்த பழக்கமல்ல. மாடியில் இருந்தவன் கீழே இருந்தபோது, தன்மேல் நம்பிக்கையில்லாமல் தானாக வைத்துக்கொண்டது. ஜன்னல் வழியாகக் கீழே திரையின் விளிம்பில் நீல வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை போய் டேப் பிடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தான். வெளிச்சம் நிற்கட்டும் என்று காத்திருந்தான். அது நிற்கவில்லை. டாக்டர் வைத்த புள்ளி நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டான்.

பேனல்கள் துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகக் குளியலுக்குப் போய் வெள்ளி போல மின்னிக்கொண்டு திரும்பின. முதலாளி அவற்றைத் தடவிப் பார்த்து, “உன் நாற்காலிக்கு மெத்தை போட்டுடலாம் போல” என்றார். அன்று அவன் சொன்னதைக் கேட்ட மனைவி, அண்ணன் வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். ஒரே கட்டடம்தான், கீழ்த்தளம். ஆர்க் அடித்துவிட்டு இரவெல்லாம் கண்ணில் நீர் வழியப் புரண்ட புருஷனுக்கு ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டவள் அவள். கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டு அரைத்த மாதிரி இருக்கும் என்று அவன் சொல்லும்போதெல்லாம், தன் கண்ணையும் மூடிக்கொள்வாள். “இனிமே அந்தத் துணியைத் தரை துடைக்கப் போடலாம்” என்றாள்.

தொட்டி இருந்த இடத்திலிருந்து போன் வந்தது மறுவாரம்.

முதலாளியும் அவனும் வேனில் போனார்கள். நடைபாதையில் பேனலைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். முதல் கால் போல்ட்டுகளில் அழகாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவது கால் உரசிக்கொண்டு இறங்கியிருந்தது. மூன்றாவது இறங்கவில்லை. அதற்கப்பால் ஒவ்வொரு காலிலும் துளை போல்ட்டை விட்டு இன்னும் இன்னும் விலகிக்கொண்டே போய், கடைசிக் காலில் துளைக்கும் போல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கிருந்த பெண் என்ஜினியர் டேப்பை அவன் கையிலேயே கொடுத்தார்.

“நீங்களே பாருங்க.”

அவன் மண்டியிட்டு, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். இருபத்து நாலு மில்லி குறைவு.

“துளையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிக்கலாமா மேடம்?” என்றார் முதலாளி.

“கொஞ்சம்னா? ரெண்டு விரல் நுழையற அளவுக்கா? ஆள் சாஞ்சு நிக்கற வேலி சார் இது. கீழ தண்ணி. எங்க போல்ட்டு நகராது. உங்க வேலி நகருமா?”

எல்லாப் பேனலும் அப்படியே. திரும்பும் வழியில், வேனின் ஜன்னலுக்கு வெளியே ஓடிய சுவர்களில் அவன் தன் மாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். ஆயிரத்து இருநூறு. இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை. ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றேழு. சரிதானே. அப்படியென்றால் இருபத்து நாலு எங்கே போனது? எட்டுக் கட்டம். எட்டு மூணு இருபத்து நாலு. கட்டத்துக்கு மூன்று. அந்த மூன்று அவனுக்குத் தெரிந்த மூன்று. அது எப்படி இரண்டாவது தடவை போகும்?

மேல இருந்து வர்ற லிஸ்ட்டை அப்படியே வெட்டின நாள் என் சர்வீஸ்லயே கிடையாது.

 பட்டறை வருவதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேன் பழுதாகி நின்றால் நன்றாயிருக்கும் என்று எண்ணினான். அன்றைக்கென்று வழியில் ஒரு சிக்னல்கூட விழவில்லை.

முதலாளி நேரே வாள் மெஷினுக்குப் போனார். அலமாரியில் மீதமிருந்த ஒரு குறுக்குப் பைப்பை உருவி மெஷின்மேல் போட்டு, டேப்பை அதன் முனையில் மாட்டி இழுத்தார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

“ஆயிரத்து நூத்துத் தொண்ணூத்து நாலு” என்றார் முதலாளி. டேப்பை விட்டார். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. திரும்பி அவனைப் பார்த்தார். “லிஸ்ட்ல என்ன போட்டே?”

அவன் கையில் லிஸ்ட்டின் இன்னொரு பிரதி இருந்தது. முதலாளிக்குக் கம்ப்யூட்டரில் மாடலைத் திறக்கத் தெரியாது. கணக்கு அக்கா அன்று படித்த எண்களை இந்நேரம் மறந்திருப்பார். தொண்ணூற்று நாலு என்று சொல்லிவிட்டு மேலே போய், அந்தப் பெட்டியில் ஒன்றரையை மூன்றாக மாற்றினால் போதும். மச்சானைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தப்பு அவனுடையதாகிவிடும். நாற்காலி போகும். டேபிளுக்கு இறங்க வேண்டும். புள்ளி பெரிதாகும். இவ்வளவும் ஒருசேர அவன் மனதில் வந்தன. தாளைத் தூக்கி, எண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தான். எண் ஓரக்கண்ணில் தெளிவாக இருந்தது.

“ஆயிரத்து நூத்துத் தொண்ணூத்தேழு” என்றான்.

உண்மையைத்தான் சொன்னான். கேட்ட எண்ணைத்தான் சொன்னான்.

முதலாளி மச்சான் பக்கம் திரும்பினார். “தொண்ணூத்தேழு போட்டிருக்கு. நீ தொண்ணூத்து நாலு வெட்டியிருக்கே.”

“ஆமா. மூணு கழிச்சேன்.”

“யாரைக் கேட்டுக் கழிச்சே?”

“எப்பவும் கழிக்கறதுதானே.” மச்சானின் குரலில் பயமே இல்லை. சோறு தின்றாயா என்றால் தின்றேன் என்பது போல இருந்தது. “பென்சில் முழுசாத்தான் போடுவாரு. அதை அப்படியே வெட்டினா பைப்பு காலுக்கு நடுவுல நுழையவே நுழையாது. மேல இருக்கறவங்களுக்கு நெருப்பு தெரியாதே. நான்தான் ஒவ்வொரு தடவையும் கம்பிக்கு இடம் விட்டு வெட்டி அனுப்புவேன்.”

“இதுல ஏற்கெனவே கழிச்சிருக்கு.”

மச்சான் அப்போதுதான் அவனைப் பார்த்தார்.

“நீ கழிச்சியா?”

“ஆமா மச்சான்.”

“சொல்லலியே.”

“நீங்க கழிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது.”

“இத்தனை வருஷம் என் பீஸை வெச்சுத்தானேடா வெல்டு அடிச்சே.”

 பக்கத்தில் நின்றவர்கள் தத்தம் வேலையைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார்கள். முதலாளி பைப்பைத் தூக்கி அலமாரியில் எறிந்தார்.

“எழுதிக் கொடுத்த அளவைத் தன் இஷ்டத்துக்கு மாத்தற ஆளை வாள்ல வைக்க முடியாது. நாளைக்கு இன்னொருத்தன் வருவான். லிஸ்ட்ல இருக்கறதை அப்படியே வெட்டுவான். போதும். பழைய ஆளுன்னு உன்னை வெளியே அனுப்பல. டேபிள்ல ஆள் குறையுது. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு அங்க நில்லு.”

“சார்” என்றான் அவன்.  “அவரு வெல்டு பிடிச்சதே இல்ல சார். இந்த வயசுல...”

“அப்ப நீ இறங்கறியா?”

முதலாளி கோபமாகக் கேட்கவில்லை. இரண்டு சட்டையில் எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்பது போலக் கேட்டார். எங்கோ கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தன் செருப்பைப் பார்த்தான். செருப்பின் நடுவிலும் அந்தத் துளி இருந்தது. வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். செருப்பின் நுனியால் தரையில் கிடந்த இரும்புத்தூளை ஒதுக்கினான்.

“அவன் எதுக்கு இறங்கணும்?” என்றார் மச்சான். “அவன் கண்ணைக் கெடுத்துக்க வேணாம். நான் நிக்கறேன். எனக்கென்ன, பார்க்கறதுக்கு இனிமே புதுசா ஒண்ணும் இல்ல.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

வீட்டில் அவன் சொல்வதற்கு முன்பே கீழ்த்தளத்திலிருந்து செய்தி மேலே வந்திருந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“நம்பரைக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“ம்.”

“உள்ளதைத்தானே சொன்னேன்.”

“உள்ளதுதான். நான் ஒண்ணும் சொல்லலியே.”

அதன் பிறகு தட்டை வைத்தாள், எடுத்தாள். துணி மடித்தாள். அவனோடு பேசவேண்டியதைச் சுவரைப் பார்த்துப் பேசினாள். அண்ணனா புருஷனா என்று கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே முடிவு நடந்துவிட்டது என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அது சரிதானா என்றும் கேட்கத் துணிவில்லை.

வேலி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தார்கள். அதே லிஸ்ட், ஒரு எண்கூட மாறவில்லை. வாளுக்கு வந்த புது ஆள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, தாளில் இருப்பதை அப்படியே வெட்டினான். கடைசிக் கால்வரை போல்ட்டுகளில் போய் உட்கார்ந்தது. முதலாளி சொன்னபடியே நாற்காலிக்கு மெத்தை வந்தது. அவன் அதன் நுனியில் உட்கார்ந்தான்.

அடுத்து வந்தது பெரிய வேலை. ஒரு கிடங்குக்கு உள்ளே தளம் எழுப்பித் தாங்கும் சட்டங்கள். கூட்டை வரைந்து பைப் உடுத்தி முடித்ததும், எங்கெங்கே வெல்டு வர வேண்டும் என்று டிராயிங்கில் சின்னச் சின்ன முக்கோணக் குறி வைக்க வேண்டும். ஒரு குறி வைத்தான். அந்த மூட்டில் ஹெல்மெட்டைக் கவிழ்க்கும் முன் பொட்டு வைக்கும் ஆளின் கண் எங்கே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். பழகாத கை தலையை ஆட்டிக் கவிழ்ப்பதற்குள் ஒரு பளிச் உள்ளே போய்விடும். அடுத்த குறி. அடுத்த பளிச். பத்துப் பதினைந்து வைத்ததும் கை நின்றுவிட்டது.

அவன் மாடலைக் கலைத்தான். துண்டுகளைச் சேர்த்து நீளப் பைப்புகளாக்கினான். முடிந்த இடத்திலெல்லாம் வெல்டை எடுத்துவிட்டுத் தகடும் போல்ட்டும் வைத்தான். மூட்டுகள் பாதியாகக் குறைந்தன. அச்செடுத்துப் போய் முதலாளியிடம் காட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“எதுக்கு இத்தனை போல்ட்டு?”

“கழட்டி மாட்ட வசதியா இருக்கும் சார்.”

“யாரு கழட்டப் போறாங்க? எல்லாத்தையும் வெல்டு போடு. டேபிள்ல ஆள் சும்மாதானே நிக்குது.”

அவன் மேசைக்கு வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினான். குறிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. வெல்டு மூட்டுகளையும் கம்ப்யூட்டர் தனியாக எண்ணிக் கொடுக்கும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

அன்று சாயங்காலம் மனைவி வீட்டில் இல்லை. கொடியில் கிடந்த, கண்ணில் போடும் அந்தத் துணியும் இல்லை. கீழே இறங்கிப் போனான். மச்சான் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவர் மல்லாந்து கிடந்தார். கண்களின் மேல் ஈரத்துணி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு அவள் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். துணிக்கு அடியிலிருந்து நீர் வழிந்து மச்சானின் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“யாரு?”

அவள் துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“நான்தான் மச்சான்.”

“மாப்ளேயா? உட்காரு. நீ எங்க உட்காருவேன்னு எனக்குத் தெரியல.” கையால் காற்றில் துழாவினார். “கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்னு சொல்லுவியே. நீ லீவு போட நடிக்கறேன்னு நெனைச்சேன்டா. இவகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்.”

அவன் வாசற்படியிலேயே நின்றான்.

“ஆனா ஒண்ணு சொல்லணும்” என்றார் மச்சான். “பீஸெல்லாம் அச்சு அசலா வருது. கம்பியை வெச்சா சிக்குனு நிக்குது. நல்லாப் போடறே.”

மனைவி துணியை எடுத்துக் கிண்ணத்தில் முக்கினாள். துணி இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருடைய இமைகள் தெரிந்தன. ஊதி, சிவந்து, ஒட்டிப்போய் இருந்தன. அவள் பிழிந்து திரும்பவும் வைத்தாள். பிறகு கிண்ணத்தை அவன் பக்கம் நீட்டினாள். “தண்ணி சூடாயிடுச்சு. மாத்திட்டு வாங்க.” பல நாளைக்குப் பிறகு அவனைப் பார்த்து அவள் சொன்னது அதுதான்.

அவன் குழாயடியில் கிண்ணத்தைக் கொட்டி, தண்ணீர் குளிரும்வரை ஓடவிட்டு, நிரப்பிக்கொண்டு வந்தான். குனிந்து வைக்கும்போது சட்டைப் பையில் தாள் மடங்கிச் சத்தம் போட்டது.

“புது வேலை வந்திருக்காமே” என்றார் மச்சான்.

“ஆமா மச்சான். கிடங்குக்குத் தளம்.”

“பெருசா?”

“பெருசுதான்.”

“எல்லாம் டேபிள் வேலையா?”

“ஆமா.”

மச்சான் துணியின் மேல் விரல்களை வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு கேட்டார், வெறுமனே தெரிந்துகொள்ளக் கேட்பது போல.

“எத்தனை ஜாயிண்ட்டு வரும் மாப்ளே?”

மனைவியின் கை கிண்ணத்துக்குள் நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். எண் அவனுடைய பையில் இருந்தது. மனதிலும் இருந்தது.

“தெரியல மச்சான்” என்றான். “இன்னும் எண்ணல.”